பிக்ஸாரை நேசித்தவர்கள் எதை நேசித்தார்கள்?

பிக்ஸார் படம் தொடங்குமுன் ஒரு சின்ன மேசை விளக்கு திரைக்குள் துள்ளி வரும். நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘ஐ’ எழுத்தின் மேல் ஏறிக் குதித்து அதை நசுக்கும். பிறகு தலையைத் திருப்பி, இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களை நேருக்கு நேர் பார்க்கும். 1995-இல் எட்டு வயதில் அந்தப் பார்வையை எதிர்கொண்ட பிள்ளைக்கு இன்று நாற்பது வயது நெருங்குகிறது. விளக்கு இன்றும் அப்படியே துள்ளுகிறது. அதைக் கண்டதும் அந்தத் தலைமுறைக்கு வந்த நிம்மதி மட்டும் முன்போல வருவதில்லை. “பழைய பிக்ஸார் இப்போது இல்லை” என்ற பேச்சு உலகம் முழுக்க ரசிகர்களிடையே பதினைந்து ஆண்டுகளாக நடந்துவருகிறது.

சினிமா ரசனை பற்றிய பேச்சாகத் தோன்றும் இதற்குள் தத்துவத்தின் மிகப் பழைய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. பாகங்கள் ஒவ்வொன்றாக மாறிய பின்னும் ஒரு பொருள் அதே பொருள்தானா என்பது ஒன்று. அன்பு வைக்கப்பட்டவர் மாறிவிட்டால் அந்த அன்புக்கு என்ன கடமை மிஞ்சுகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தேடாமல் இரண்டாவதைத் தொட முடியாது.

பிக்ஸார் கணினி அறையில் பிறந்த நிறுவனம். ஜார்ஜ் லூகாஸின் லூகாஸ்ஃபிலிமில் கணினிப் பிரிவாக இருந்த குழுவை 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் வாங்கினார். லூகாஸுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தார். நிறுவனத்துக்கு முதலாக இன்னொரு 50 லட்சம் போட்டார். எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் தலைமை தாங்கிய அந்தக் குழு, கணினியும் மென்பொருளும் விற்றுப் பல ஆண்டுகள் நட்டப்பட்டது. ஜான் லாஸட்டர் அங்கே எடுத்த குறும்படங்கள்தான் வேறொரு வழியைக் காட்டின. 1995 நவம்பரில் ‘டாய் ஸ்டோரி’ வந்தது. முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளத் திரைப்படம் அது. படம் வெளியான ஒரே வாரத்தில் நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன.

அதிலிருந்து 2010 வரை பதினொரு படங்கள். அவற்றில் முந்தைய கதையின் தொடர்ச்சி இரண்டே. மற்றவை எல்லாம் புதுக்கதைகள். சமையல் செய்யும் எலி, வீட்டில் பலூன் கட்டிப் பறக்கும் முதியவர், ஆளில்லாத பூமியில் குப்பையை அமுக்கி அடுக்கிக்கொண்டிருக்கும் இயந்திரம் என்று கேட்டால் யாரும் பணம் போடத் தயங்கும் கதைகள் அவை. ஆனாலும் கதை என்னவென்று விசாரிக்காமலே குடும்பங்கள் தியேட்டருக்குப் போயின. பெயரைக் கேட்டதே போதுமாக இருந்தது.

‘மழை வரும் என்று நம்புகிறார்’ என்பதும் ‘அவரை நம்புகிறார்’ என்பதும் ஒரே வினைச்சொல்லில் முடிந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது ஒரு கணிப்பு. மழை வராவிட்டால் கணிப்பு தவறியது, அவ்வளவுதான். யாரும் மேகத்தைக் கோபித்துக்கொள்வதில்லை. இரண்டாவது ஒருவர் கையில் தன்னை ஒப்படைப்பது. அது பொய்த்தால் தவறியது என்று சொல்வதில்லை, கைவிட்டார் என்று சொல்வார்கள். கடவுள் நம்பிக்கையைப் பற்றி எழுதிய சமயச் சிந்தனையாளர்கள் பலரும் இந்த வேறுபாட்டில் கவனமாக இருந்தார்கள். கடவுள் உண்டு என்று ஒப்புக்கொள்வதையும், கடவுளை நம்பி வாழ்வதையும் அவர்கள் பிரித்தே வைத்தார்கள். பிக்ஸார் ரசிகர்களின் நம்பிக்கை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதனால்தான் ஒரு சுமாரான படம் வந்தபோது மற்ற நிறுவனங்களின் சுமாரான படங்களுக்கு எழாத வருத்தம் அதற்கு எழுந்தது.

அந்த வருத்தம் வெளிப்படையாகப் பேசப்பட்டது 2011-இல், ‘கார்ஸ் 2’ வந்தபோது. விமர்சகர்கள் பெரும்பாலோர் குறை சொன்ன முதல் பிக்ஸார் படம் அது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2006-இல், டிஸ்னி 740 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு ஈடாக பிக்ஸாரை வாங்கியிருந்தது. 2011 முதல் 2019 வரை வந்த பத்துப் படங்களில் ஆறு, பழைய கதைகளின் முன்பாகமோ பின்பாகமோதான். 2015-இல் ‘தி குட் டைனோசார்’ நிறுவனத்துக்கு முதல் நட்டத்தைக் கொடுத்தது. கொரோனா காலத்தில் ‘சோல்’, ‘லூகா’, ‘டர்னிங் ரெட்’ மூன்றும் அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் போகாமல் நேரே ஓடிடியில் வெளியாயின. 2022-இல் ‘லைட்இயர்’ தோற்றது. 2023-இல் 75 பேரும், 2024-இல் ஊழியர்களில் சுமார் 14 விழுக்காட்டினரும் வேலையிழந்தார்கள்.

இதை ஒரே சரிவாக வரைந்துவிடுவது தவறு. ‘இன்சைட் அவுட்’, ‘கோகோ’, ‘சோல்’ ஆகிய மூன்றும் சரிவுக்காலம் என்று சொல்லப்படும் அதே ஆண்டுகளில் வந்தவை. மூன்றும் ஆஸ்கர் பெற்றவை. ஆட்குறைப்பு நடந்த அதே 2024-இல் ‘இன்சைட் அவுட் 2’ உலகெங்கும் சுமார் 169 கோடி டாலர் வசூலித்தது. ரசிகர் மனம் கடலலையைப் போல விலகுவதும் திரும்புவதுமாகவே இருந்துவந்திருக்கிறது.

பாகங்கள் மாறிய பின்னும் அதே பொருள்தானா என்ற கேள்விக்கு புளூட்டார்க் எழுதிவைத்த தீசியஸின் கப்பல்தான் உலகறிந்த உதாரணம். கிரேக்க வீரன் தீசியஸ் திரும்பி வந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பல தலைமுறை காத்தார்கள். பலகை உளுத்தால் எடுத்துவிட்டுப் புதுப்பலகை பொருத்தினார்கள். இது அதே கப்பல்தான் என்று சிலரும், இல்லை என்று சிலரும் வாதிட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இதை இன்னும் இறுக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து, அவற்றைக் கொண்டே இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்?

பிக்ஸாரின் வரலாற்றில் இந்த இரண்டாம் கப்பல் ஒரு முறையல்ல, இரண்டு முறை கட்டப்பட்டது. முதல் முறை கட்டியது டிஸ்னி. இரு நிறுவனங்களின் உறவு 2004-இல் முறிந்தபோது, பழைய ஒப்பந்தப்படி தொடர் பாகங்கள் எடுக்கும் உரிமை டிஸ்னியிடம் இருந்தது. அது ‘சர்க்கிள் 7’ என்ற தனி ஸ்டுடியோவைத் தொடங்கி, பிக்ஸார் ஆட்கள் யாரும் இல்லாமலே ‘டாய் ஸ்டோரி 3’-க்குக் கதை எழுதத் தொடங்கியது. பஸ் லைட்இயர் என்ற பொம்மை பழுதாகித் தைவானுக்குத் திருப்பி அனுப்பப்படுவதாகப் போனது அந்தக் கதை. 2006-இல் பிக்ஸாரை வாங்கியதும் டிஸ்னி அந்த ஸ்டுடியோவை மூடியது, கதை கைவிடப்பட்டது. சட்டத்தின் கண்ணில் அது அசல் ‘டாய் ஸ்டோரி 3’ ஆகியிருக்கும். பாத்திரங்கள் அதே, பெயர் அதே, உரிமையும் முறையானது. ஆனாலும் அது மூடப்பட்டதற்கு ரசிகர்கள் வருந்தவில்லை, ஆறுதல்தான் அடைந்தார்கள். பெயரும் உரிமையும் மட்டும் இருந்தால் போதாது என்பது அவர்கள் தீர்ப்பு.

அப்படியானால் அவர்கள் நேசித்தது ஆட்களையா? இரண்டாம் முறை கட்டப்பட்ட கப்பல் அதையும் ஐயத்துக்குள்ளாக்குகிறது. லாஸட்டர், ஊழியர்களுக்குப் பிடிக்காத அணைப்பு போன்ற நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு 2017 நவம்பரில் விடுப்பில் போனார். 2018 முடிவில் நிறுவனத்தை விட்டே விலகினார். பிறகு ஸ்கைடான்ஸ் அனிமேஷனுக்குத் தலைமை ஏற்றார். அங்கிருந்து 2022-இல் ‘லக்’ என்ற படம் வந்தது. பழைய பலகைகளில் மிகப் பெரியது வேறு கப்பலுக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்தப் படத்தைத் தங்கள் பழைய பிக்ஸார் என்று யாரும் கொண்டாடவில்லை. அவர் விலகிய காரணமும் அதில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். ஆனால் அதுவே முழு விளக்கம் ஆகாது. நற்பெயரோடு வெளியேறி வேறிடத்தில் படம் எடுத்தவர்களையும் ரசிகர்கள் தனித்தனிக் கலைஞர்களாகத்தான் பார்த்தார்கள். பிக்ஸார் அவர்களோடு கூடவே போனதாக யாரும் எண்ணவில்லை.

பெயரும் இல்லை, தனியாட்களும் இல்லை என்றால் மிஞ்சுவது எது? பௌத்தம் இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. மிலிந்த மன்னனுக்கும் நாகசேனருக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடலில், பிள்ளையாக இருந்தவரும் வளர்ந்தவரும் ஒருவர்தானா என்ற கேள்வி வருகிறது. இரவு முழுக்க எரியும் விளக்கை நாகசேனர் காட்டுகிறார். முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல. கறந்த பால் தயிராகி, வெண்ணெயாகி, நெய்யாவதையும் சொல்கிறார். நெய்யைக் காட்டி இதுதான் பால் என்பவர் தவறு செய்கிறார். பாலுக்கும் நெய்க்கும் சம்பந்தமே இல்லை என்பவரும் தவறுதான் செய்கிறார். கப்பல் உதாரணம் ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைக் கேட்டு நெருக்குகிறது. பால் உதாரணம் எதிலிருந்து எது வந்தது, நடுவில் யார் கடைந்தார்கள் என்று கேட்கச் சொல்கிறது. ஒரு கலைநிறுவனத்துக்குப் பொருந்துவது பின்னதே.

ஜப்பானின் இசே ஆலயம் கடைவோர் யார் என்பதைக் கண்ணுக்கு எதிரே காட்டும். இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை அந்த ஆலயம் பக்கத்து மனையில் புதிதாக எழுப்பப்படுகிறது, பழையது பிரிக்கப்படுகிறது. 2013-இல் நடந்தது 62-ஆவது கட்டுமானம். மரம் எதுவும் பழையதல்ல. ஆனால் சென்ற முறை இளந்தச்சர்களாக இருந்தவர்கள் இம்முறை கூடவே நின்று அடுத்த தலைமுறைக்கு உளி பிடிக்கக் காட்டுகிறார்கள். ஆலயம் தொடர்வது அந்தக் கைமாற்றத்தில்தான். இருபது ஆண்டு என்ற இடைவெளி ஒரு மனிதர் கற்றுக்கொண்டு, செய்து, கற்பிக்கப் போதுமான அளவு. அதைவிட நீண்டால் கற்பிக்க ஆள் இருக்காது.

பிக்ஸாரில் இதற்கு நிகரானது ‘பிரெய்ன்டிரஸ்ட்’ என்று அவர்கள் அழைத்த கூட்டம். ஒரு படம் பாதி வளர்ந்த நிலையில் மற்ற இயக்குநர்கள் அதைப் பார்த்து, தயவு தாட்சண்யமில்லாமல் குறை சொல்வார்கள். கேட்பதும் தள்ளுவதும் படத்தின் இயக்குநர் இஷ்டம். கூட்டத்துக்கு அதிகாரம் கிடையாது. எங்கள் படங்கள் எல்லாம் முதலில் மோசமாகத்தான் இருக்கும் என்று கேட்மல் தம் நூலில் ஒளிக்காமல் சொல்கிறார். 1990-இல் இளைஞராக வந்து சேர்ந்த பீட் டாக்டர் 2018 முதல் அங்கே படைப்புத் தலைவராக இருக்கிறார். பழைய பலகைகளில் சில இன்னும் கப்பலில் இருக்கின்றன. கேட்க வேண்டியது அவை கற்றுக்கொடுக்க நேரம் கிடைக்கிறதா என்பதே. நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஒரே நாளில் வெளியே அனுப்பும்போது அறுபடுவது இந்தக் கைமாற்றம். கணக்கில் செலவுக் குறைப்பு என்று பதிவாகும் இடத்தில்தான் அந்த நிறுவனத்தின் அடையாளம் கரைகிறது.

இதற்கு நேர்மாறான விதியும் உண்டு. ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஸ்டுடியோ ஜிப்லி, ஹயாவோ மியாசாகி, இசாவ் தகாஹதா என்ற இரு பெரும் இயக்குநர்களின் கையைவிட்டு நகரவே இல்லை. வாரிசாக வருவார் என்று எதிர்பார்க்கப்பட்ட யோஷிஃபுமி கோண்டோ 1998-இல் இறந்தார். 2014-இல் முழுநீளப் படத் தயாரிப்பை நிறுத்திவைத்தார்கள். பின்னர் மியாசாகியே திரும்பி வந்து தொடங்கினார். 2023-இல் நிப்பான் டிவி அதைத் துணை நிறுவனமாக ஏற்றது. ஜிப்லி மாறிவிட்டது என்று ரசிகர்கள் புலம்புவதில்லை. அது முடிந்துவிடும் என்றுதான் அஞ்சுகிறார்கள். ஆளோடு பிணைந்த நிறுவனம் மாறாது, நீடிக்காது. ஆளைக் கடந்த நிறுவனம் நீடிக்கும், மாறாமல் இருக்காது. இரண்டையும் ஒருசேரக் கேட்கும் ரசிகர், மனிதர்கள் நடத்தும் எந்த நிறுவனமும் தரமுடியாததைக் கேட்கிறார்.

அன்பு வைக்கப்பட்டவர் மாறினால் என்ன கடமை என்பது இரண்டாம் கேள்வி. அதற்குள் போகுமுன், மாறியது யார் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். டேவிட் ஹியூம் 1757-இல் ரசனை பற்றி எழுதிய கட்டுரையில், இருபது வயதில் ஒரு கவிஞரும் நாற்பதில் இன்னொருவரும் ஐம்பதில் ஒரு வரலாற்றாசிரியரும் நெஞ்சுக்கு நெருக்கமாவது இயல்பே என்று ரோமானிய எழுத்தாளர்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறார். ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தை ஒன்பது வயதில் பார்த்தவருக்கு அது மீன்களின் சாகசம். தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிய பின் பார்த்தால், பிள்ளையைத் தொலைத்த தகப்பனின் கதை. படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. அதே கணக்கில், இன்றைய புதுப்படம் அன்றைய படம்போல உருக்கவில்லை என்று சொல்லும் நாற்பது வயதுக்காரர், எட்டு வயதுக் கண்ணை எங்கே வைத்தார் என்பதையும் யோசித்தாக வேண்டும். ‘டர்னிங் ரெட்’ படத்தில் ஒட்டாமல் போனவர்கள் பலர் பெரியவர்கள். அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுமியில் தங்களைக் கண்டு அழுத பிள்ளைகளுக்கு அதுதான் பிக்ஸார்.

பொற்காலம் என்ற நினைவும் முழு உண்மையல்ல. ‘டாய் ஸ்டோரி 2’ உருவான கதை அதற்குச் சாட்சி. 1998-இல் ஒருநாள் யாரோ ஒருவர் கணினியில் தவறான ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டார். படத்தின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே ஒரு பாத்திரத்தின் தொப்பி போனது, பூட்ஸ் போனது, கடைசியில் பாத்திரமே போனது. பேக்கப் எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. தொழில்நுட்ப மேற்பார்வை இயக்குநர் கேலின் சஸ்மன், குழந்தை பெற்ற பின் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காகப் படத்தின் ஒரு நகலைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வைகளில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து, நோயாளியைக் கொண்டுவருவதுபோல் மெல்ல ஓட்டிவந்து சேர்த்தார்கள். படம் பிழைத்தது.

ரசிகர்கள் அடிக்கடி சொல்லி மகிழும் கதை இது. அதன் தொடர்ச்சியை அவ்வளவாகச் சொல்வதில்லை. அப்படிக் காப்பாற்றிய படம் தரமாக இல்லை என்று முடிவெடுத்து, கிட்டத்தட்ட முழுவதையும் ஒன்பதே மாதத்தில் திரும்பச் செய்தார்கள். முடிவதற்குள் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கையிலும் மணிக்கட்டிலும் ஓயாத வேலையால் வரும் பாதிப்பு ஏதாவது ஒன்று வந்துவிட்டது. காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட மறந்த ஒரு ஊழியர், வெயிலில் நின்ற காரிலேயே அதை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நினைவு வந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது குழந்தை மயங்கிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றிப் பிழைக்கவைத்தார்கள். கேட்மலே இவற்றைத் தம் நூலில் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். திரையில் தெரிந்த அன்புக்குத் திரைக்குப் பின்னால் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது ரசிகரின் கணக்கில் வரவேயில்லை. அனிமேஷன் நிறுவனங்கள் ஒன்றின் ஊழியரை ஒன்று இழுக்காமல் ரகசியமாக ஒத்துப்போய்ச் சம்பளத்தைக் குறைவாக வைத்தன என்ற வழக்கில், பிக்ஸாரையும் லூகாஸ்ஃபிலிமையும் சேர்த்து டிஸ்னி 2017-இல் 10 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்தக் குற்றச்சாட்டில் பெரும்பகுதி பொற்காலத்து ஆண்டுகளைச் சேர்ந்தது. தூய்மையாக இருந்த ஒன்று பிறகு கெட்டது என்ற கதை இங்கே நிற்காது. நல்லதும் கெட்டதும் முதலிலிருந்தே ஒரே கூரைக்கடியில் இருந்தன.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ரசிகரின் மனக்குறையில் நியாயமான ஒன்று எஞ்சுகிறது. அது ‘டாய் ஸ்டோரி 3’ முடிந்த விதத்தைப் பற்றியது. 2010-இல் வந்த அந்தப் படத்தின் கடைசியில், கல்லூரிக்குப் புறப்படும் ஆண்டி என்ற இளைஞன் தன் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பக்கத்து வீதிச் சிறுமி போனியிடம் ஒப்படைக்கிறான். வுடி பொம்மையைக் கொடுக்கும்போது மட்டும் கை ஒரு கணம் பின்வாங்குகிறது. முதல் படத்தைச் சிறுவர்களாகப் பார்த்தவர்கள் அப்போது ஏறக்குறைய ஆண்டியின் வயதில் இருந்தார்கள். தியேட்டரில் அவர்கள் அழுதது விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொண்டதற்காக. நான்காம் பாகம் 2019-இல் வந்தது. ஐந்தாவது 2026 ஜூனுக்கு அறிவிக்கப்பட்டது.

பின்னால் வந்த படம் முன்னால் வந்த படத்தை மாற்ற முடியுமா? மாற்றாது என்பவர்கள் சொல்வது எளிமையானது: மூன்றாம் பாகத்தின் டிவிடி அலமாரியில் அப்படியே இருக்கிறது, வேண்டாதவர் நான்காவதைப் பார்க்காமல் இருக்கலாம். இது படத்தை ஒரு பொருளாக மட்டும் பார்க்கும் வாதம். முடிவு என்பது ஒரு வாக்கு. இதற்குமேல் இல்லை, இந்த இழப்பைத் தாங்கிக்கொள் என்று சொல்லித்தான் அது பார்ப்பவரை அழவைக்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அழுது முடித்த பின், இறந்தவர் வெளியூரிலிருந்து வந்துவிட்டார் என்று சொன்னால் மகிழ்ச்சியோடு வேறொன்றும் சேர்ந்து எழும். நான்காம் பாகம் திறமையாக எடுக்கப்பட்ட படம்தான்; ஆஸ்கரும் பெற்றது. ஆனால் படத்தின் தரம் இங்கே கேள்வியே அல்ல. பிரிவைத் தாங்கக் கற்றுத்தந்த கதையை, பிரியாமல் இருப்பதற்காக விற்பது அந்தக் கதை கேட்டு வாங்கிய கண்ணீருக்கு எதிரானது. ரசிகர்களின் குறைகளில் இது ஒன்றுதான் வயதாலோ நினைவாலோ கரையாதது.

ஆனால் வாக்கு இரு தரப்பிலும் உண்டு. புதுக்கதைகள் வேண்டும் என்று கேட்டவர்கள் புதுக்கதைகள் வந்தபோது போகவில்லை. மூன்று படங்களை வீட்டுக்கே அனுப்பிய பின், பிக்ஸார் படம் வந்தால் ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கத்தை டிஸ்னிதான் உண்டாக்கியது, அதை மறுப்பதற்கில்லை. 2023-இல் ‘எலிமென்டல்’ முதல் வார இறுதியில் அமெரிக்காவில் மூன்று கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி, மெல்ல மெல்ல உலகெங்கும் 50 கோடி டாலரை நெருங்கியது. 2025-இல் ‘எலியோ’வுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பும் கிடைக்கவில்லை, நிறுவனத்தின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த தொடக்க வசூல் அதற்குத்தான். இவை இரண்டும் எதன் தொடர்ச்சியும் அல்லாத கதைகள். கதை கேட்காமல் தியேட்டருக்குப் போன அந்தப் பழைய நம்பிக்கை இப்போது தெரிந்த பெயருக்கு மட்டும் கிடைக்கிறது.

உணர்வு மாறுவதென்றால் குறைவது என்றே பொருளாகாது. 2013-இல் இறந்தோர் நாளைக் குறிக்கும் ஸ்பானியச் சொற்றொடரை வணிகமுத்திரையாகப் பதிவு செய்ய டிஸ்னி விண்ணப்பித்தது. மெக்சிகோவின் வீடுதோறும் முன்னோர் படத்துக்குப் பூவும் உணவும் படைக்கும் நாள் அது. ஒரு சமூகத்தின் வழிபாட்டை வியாபாரப் பெயராக்குவதா என்று மெக்சிகோ வம்சாவளியினர் கொதித்தெழுந்தார்கள். விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. கடுமையாக எதிர்த்தவர்களில் கார்ட்டூனிஸ்ட் லாலோ அல்கராஸ் ஒருவர். பிறகு அவரையே பிக்ஸார் ஆலோசகராக அழைத்தது. 2017-இல் ‘கோகோ’ வந்தபோது மெக்சிகோ அதைத் தன் படமாகவே எடுத்துக்கொண்டது. கோபத்தில் தொடங்கி அன்பில் முடிந்தது இங்கே. எதிர்த்தவரை உள்ளே அழைத்துக் கேட்டதுதான் அதைச் சாத்தியமாக்கியது.

இனி கடமை பற்றிய கேள்வி. நிக்கோமாக்கிய அறவியலின் ஒன்பதாம் பகுதியில் அரிஸ்டாட்டில் இதை நேராக எடுத்துக்கொள்கிறார். நண்பர் மாறிவிட்டால் நட்பை முறிக்கலாமா? பயனுக்காகவோ இன்பத்துக்காகவோ பழகியவர்கள் அது தீர்ந்ததும் பிரிவதில் வியப்பில்லை என்கிறார். கெட்டுப்போனவர் திருந்தக்கூடியவராக இருந்தால் உதவ வேண்டும் என்கிறார். அதன்பின் அவர் எடுக்கும் உதாரணம் இங்கே வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. இருவரில் ஒருவர் அறிவில் குழந்தையாகவே இருக்க, மற்றவர் முழுமனிதராக வளர்ந்துவிட்டால் அவர்கள் எப்படி நண்பராக இருக்க முடியும்? ஒரே விஷயம் இருவருக்கும் பிடிப்பதில்லை. ஒன்றுக்காக இருவரும் மகிழ்வதோ வருந்துவதோ இல்லை. அதற்காக, பழகியே இராதவர்போல நடந்துகொள்ளலாமா என்றும் கேட்கிறார். கூடாது என்பது அவர் விடை. பிரிவுக்குக் காரணம் மிகையான தீமையாக இல்லாதவரை, முன்பிருந்த நெருக்கத்தின் நினைவுக்காக முன்னாள் நண்பருக்கு ஏதேனும் ஒரு சலுகை தரப்பட வேண்டும்.

குழந்தைகளுக்காகப் படம் எடுக்கும் நிறுவனம் குழந்தையாகவே இருப்பது அதன் குறையல்ல, தொழில். வளர்ந்தவர் விலகுவதிலும் தவறில்லை. அரிஸ்டாட்டில் சொல்லும் சலுகை யாருக்குப் போக வேண்டும் என்பதில்தான் முதல் கேள்வியின் விடை உதவுகிறது. பங்குகளுக்கும் வணிகமுத்திரைக்கும் யாரும் நன்றிக்கடன் பட்டிருக்கவில்லை. அவை வாங்கவும் விற்கவும் படுபவை. அந்தக் கடன் கடைந்த கைகளுக்கு உரியது. அவை இப்போது எங்கிருந்தாலும் உரியது. ‘கோகோ’ படத்தில் இறந்தவர்களுக்கு இரண்டாம் மரணம் ஒன்று உண்டு. உயிரோடிருப்பவர்களில் கடைசி ஆளும் மறந்த கணத்தில் அவர்கள் அங்கிருந்தும் மறைந்துபோவார்கள். அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கும் அது பொருந்தும்.

2023 ஆட்குறைப்பில் போன 75 பேரில் கேலின் சஸ்மனும் ஒருவர். முந்தைய ஆண்டு வந்த ‘லைட்இயர்’ படத்தின் தயாரிப்பாளர் அவர். செய்தி வந்தபோது, 1999-இல் தியேட்டரில் உட்கார்ந்து ‘டாய் ஸ்டோரி 2’ பார்த்த ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். போர்வையில் சுற்றிய அந்தக் கணினியின் கதையை மீண்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். படம் பார்த்த அன்று அவர் பெயர் அவர்களில் ஏறக்குறைய யாருக்கும் தெரிந்திருக்காது. அது திரையில்தான் இருந்தது, எல்லோரும் எழுந்து வெளியே போகும் நேரத்தில் மேலேறும் நீண்ட பட்டியலில். ‘டாய் ஸ்டோரி’ காலத்திலிருந்தே அந்தப் பட்டியலின் கடைசிப் பகுதியில் இன்னொரு சின்னப் பட்டியலும் வருகிறது: படம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்கள். முதல் படத்தில் பெயர் வந்த குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயது கடந்திருக்கும்.